வழி தவறி வளையத்துக்குள் வந்தவன்: ஆரம்பகால நகைச்சுவைப் படங்களும் சர்க்கஸும்

மௌனப் படக் காலத்து ஸ்லாப்ஸ்டிக் (விழுந்தும் அடிபட்டும் சிரிப்பூட்டும்) குறும்படங்களில் சர்க்கஸ் கூடாரம் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது, அது கண்ணுக்கு வேடிக்கையான பின்னணியாக மட்டும் இருந்ததா, அல்லது அந்த நகைச்சுவையின் அமைப்புக்கே ஏதேனும் கொடுத்ததா என்பது இங்கே எழுப்பப்பட்டிருக்கும் கேள்வி. அமைப்பையே கொடுத்தது என்பதுதான் என் பதில். ஆட்டக்காரன் அல்லாத ஒருவன் தவறுதலாக வளையத்துக்குள், அதாவது ஆட்டம் நடக்கும் வட்டக் களத்துக்குள், வந்துவிடுகிறான். அவன் செய்யும் பிழைகளைக் கண்டு கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பின் காரணம் அவனுக்கு மட்டும் தெரிவதில்லை. இந்தக் கதை சினிமாவுக்கு முன்பே சர்க்கஸில் பிறந்துவிட்டது. படங்கள் அதை எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்த்தன.

சர்க்கஸ் உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கதை உண்டு. 1860-களில் பெர்லினின் ரென்ஸ் சர்க்கஸில் டாம் பெல்லிங் என்ற குதிரைச் சவாரிக்காரர் இருந்தார். ஏதோ குற்றத்துக்காக ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்த அவர், பொருந்தாத கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நண்பர்களுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, முதலாளி வருவதைக் கண்டு பதறி ஓடி, தடுக்கி, ஆட்டம் நடந்துகொண்டிருந்த வளையத்துக்குள்ளேயே விழுந்தார் என்றும், கூட்டம் அதை ஆட்டத்தின் ஒரு பகுதியாக எண்ணி விழுந்து விழுந்து சிரித்தது என்றும் அந்தக் கதை போகிறது. அகஸ்ட் எனப்படும் தடுமாறும் கோமாளி இப்படித்தான் பிறந்தான் என்கிறார்கள். வரலாறு அப்படியே நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சர்க்கஸ்காரர்கள் தங்கள் கோமாளியின் பிறப்பை இப்படி நினைவில் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். ஏனெனில் 1928-இல் சாப்ளின் எடுத்த ‘தி சர்க்கஸ்’ படத்தின் தொடக்கம் கிட்டத்தட்ட இதே நிகழ்ச்சிதான்.

கோமாளி இடையில் நுழைவதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பணியாட்கள் விரிப்பைச் சுருட்ட வேண்டும், கம்பிக் கூண்டைப் பூட்ட வேண்டும், கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில் கூட்டத்தின் கவனம் கலையாமல் பார்த்துக்கொள்வது கோமாளியின் வேலை. அவன் பணியாட்களுக்கு ‘உதவ’ வருவான், விரிப்புக்குள் தானும் சுருண்டுகொள்வான், ஏணியைத் தவறான பக்கம் பிடிப்பான். குறும்படங்களில் நாயகன் பெரும்பாலும் கலைஞனாக இல்லாமல் சாமான் தூக்கும் வேலைக்காரனாக வருவதன் வேர் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதை ஒலியில்லாத சினிமாவுடன் இணைத்தது கூடாரத்தின் அளவு. ஐரோப்பிய சர்க்கஸ் பெரும்பாலும் ஒற்றை வளையத்தோடு, நிலையான கட்டடங்களிலும் நடந்ததால், அங்கே கோமாளிகள் பேசினார்கள், வாதாடினார்கள். அமெரிக்காவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சர்க்கஸ் மூன்று வளையங்களாக விரிந்து, பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் கூடாரங்களுக்குள் போய்விட்டது. அங்கே ஒருவன் பேசினால் நான்காவது வரிசைக்குக்கூடக் கேட்காது. எனவே அமெரிக்கக் கோமாளி வேறு வழியின்றிப் பேச்சைக் கைவிட்டான். உடை பெரிதானது, காலணி நீண்டது, முகப்பூச்சு தடித்தது, ஒவ்வொரு அசைவும் கடைசி வரிசைக்குத் தெரியும்படி தெளிவானது. சினிமா வந்தபோது, பேச்சில்லாமல் ஒரு கதையை இரண்டு நிமிடத்தில் உடலால் சொல்லத் தெரிந்த மனிதர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

அவர்களைச் சினிமா தொடக்கத்திலேயே தேடிப்போனது. எடிசனின் ஆட்கள் நியூ ஜெர்சியில் கட்டியிருந்த கறுப்புப் படப்பிடிப்புக் கொட்டகைக்குள் 1894-இல் வந்து நின்றவர்களில் உடற்பலக் கலைஞர் சாண்டோவும் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியும் உண்டு. கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போட்ட இரண்டு பூனைகளும் உண்டு. பிரான்சில் லூமியேர் நிறுவனம், பாரிஸின் நூவோ சர்க்கஸில் புகழ்பெற்றிருந்த ஃபூட்டிட், ஷோகோலா கோமாளி இணையைச் சிறு சிறு துண்டுகளாகப் படம் பிடித்தது. ஃபூட்டிட் ஆங்கிலேயர், அதிகாரம் செய்யும் வெள்ளை முகக் கோமாளி. ஷோகோலா என்ற பெயரில் ஆடிய ரஃபாயெல், கியூபாவில் அடிமைத்தனத்தில் பிறந்த கறுப்பினத்தவர். மேடையில் அடிவாங்குவது எப்போதும் அவர்தான். அந்த அடிகளைப் பார்த்து அக்காலத்துப் பாரிஸ் எதைக் கண்டு சிரித்தது என்பதை மறந்துவிட்டு இந்தப் படங்களைப் பார்க்க முடியாது. அதே நேரம், அடிவாங்குவதில் ரஃபாயெல் காட்டும் நேரக்கணக்கும், விழுந்தபின் எழுகையில் அவர் உடலில் தங்கும் கௌரவமும் பின்னாளைய திரைக் கோமாளிகள் பலரிடம் காணக் கிடைக்காதவை. 1917-இல் போர்தோ நகரில் வறுமையில் இறந்த அந்தக் கலைஞரை நாம் இன்று அசையும் உருவமாகக் காண்பது இந்தச் சில துண்டுகளால்தான்.

அந்தத் துண்டுகளில் ஒன்று வில்லியம் டெல் ஆட்டம். தலையில் ஆப்பிளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியவன் அதைக் கடித்துத் தின்றுவிடுவதால், குறிபார்ப்பவன் மீண்டும் மீண்டும் ஏமாறுவான். இது சர்க்கஸ் கோமாளிகளின் பொதுச் சொத்து. யாரும் உரிமை கோராமல் கைமாறிக் கைமாறி வந்த ஆட்டம். சாப்ளின் ‘தி சர்க்கஸ்’ படத்தில், தான் நடிக்கும் நாடோடியை வேலைக்குத் தேர்வு செய்யும் காட்சிக்கு எடுத்துக்கொண்டதும் இதே ஆட்டத்தைத்தான். அங்கே ஆப்பிளில் புழு இருக்கிறது. நாடோடி அதற்குப் பதிலாக வாழைப்பழத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறான். அடுத்ததாக வரும் சோப்பு நுரை வழியும் முடிதிருத்தகக் காட்சியும் பழைய சர்க்கஸ் சொத்துதான். தேர்ந்த கோமாளிகள் கைப்பழக்கத்தால் செய்யும் இந்த ஆட்டங்களை நாடோடியால் சொல்லிக்கொடுத்தபடி செய்ய முடிவதில்லை. பிழை செய்யும்படி எழுதப்பட்ட ஆட்டத்தில் அவன் செய்யும் பிழை முதலாளிக்குச் சிரிப்பூட்டவில்லை; நமக்குச் சிரிப்பூட்டுகிறது. எவ்வளவு நுட்பமான அடுக்கு என்பது, பழைய ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இரட்டிப்பாக விளங்கும்.

லூமியேர் துண்டுகளுக்கும் சாப்ளினுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தாலியின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. சாப்ளின் கேமரா முன் வருவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில், டூரின், ரோம் நகரங்களின் படப்பிடிப்புக் கூடங்கள் வாரந்தோறும் நகைச்சுவைக் குறும்படங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தன. 1909-இல் பிரான்சிலிருந்து டூரினுக்கு வந்த ஆந்த்ரே தீத் ‘கிரெத்தினெத்தி’ என்ற பாத்திரமாக, தொட்டதையெல்லாம் உடைத்து நொறுக்கினார். ‘தொந்தொலினி’ என்றும் பிறகு ‘பொலிதோர்’ என்றும் அறியப்பட்ட ஃபெர்தினாந்த் கியோம் பரம்பரைச் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவர். ‘ரொபினெத்’ பாத்திரத்தில் நடித்த மார்செல் ஃபாப்ரும் ‘கிரி கிரி’யாக நடித்த ரேமோன் ஃப்ரோவும் அதே உலகத்திலிருந்து வந்தவர்கள். இவர்களுடைய படங்கள் பலவற்றில் கூடாரம் கண்ணில் படாது. கதை தெருவிலும் வீட்டிலும் உணவகத்திலும் நடக்கும். ஆனாலும் ஒரு மனிதன் மாடியிலிருந்து விழுந்து வண்டியில் குதித்து, அது கவிழ, எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு நடக்கும் அந்த ஒழுங்கு முழுக்கச் சர்க்கஸ் ஒழுங்கு. கியோமின் வாழ்க்கையில் இந்தச் சுற்று அழகாக முடிகிறது: 1960-இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘லா தோல்சே வீத்தா’வில், ஊதுகொம்போடும் பலூன்களோடும் வரும் வயதான கோமாளி அவரேதான்.

அமெரிக்காவில் மாக் செனட் 1912-இல் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கியபின் நகைச்சுவைக் குறும்படம் தொழிற்சாலைப் பொருளானது. ஒரு ரீல் என்பது ஏறத்தாழ ஆயிரம் அடி ஃபிலிம்; ஓடும் நேரம் பத்து முதல் பதினைந்து நிமிடம். வாரம் தவறாமல் புதிய ரீல் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், கதை சொல்லாமலேயே பார்வையாளருக்குப் புரியும் இடங்கள் தேவைப்பட்டன: தீயணைப்பு நிலையம், கடற்கரை, ரொட்டிக் கடை, சர்க்கஸ். கூடாரத்தைக் காட்டிய மறுகணமே கூண்டு திறக்கும் என்றும் கயிறு அறும் என்றும் பார்ப்பவர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த எதிர்பார்ப்பைத் தள்ளிப்போடுவதும் ஏமாற்றுவதும் மட்டுமே இயக்குநரின் வேலையாக மிஞ்சும்.

கையருகே சரக்கும் இருந்தது. ஆல் ஜி. பார்ன்ஸ் சர்க்கஸ் குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வெனிஸிலும், பிறகு கல்வர் சிட்டிப் பக்கத்திலும் முகாமிட்டது. தயாரிப்பாளர் வில்லியம் செலிக் 1915-இல் நகரின் கிழக்குப் பகுதியில் விலங்குக் காட்சிசாலையையே திறந்தார். எல் மான்டேவில் கே தம்பதியர் நடத்திய சிங்கப் பண்ணை 1920-களில் படங்களுக்குச் சிங்கங்களை அனுப்பியது. யுனிவர்சல் நிறுவனத்தில் ஜோ மார்ட்டின் என்ற ஒராங்குட்டான் தன் பெயரிலேயே படங்கள் வெளிவரும் நட்சத்திரமாக இருந்தது. ஆட்டமில்லாத மாதங்களில் வேலை தேடிய பயிற்சியாளர்களும் கழைக்கூத்தாடிகளும் படப்பிடிப்புக்கு வந்தார்கள். குதிரைமேல் கோமாளித்தனம் செய்வதில் ஒப்பற்றவரான பூடில்ஸ் ஹன்னஃபோர்டும் 1920-களில் குறும்படங்களில் நடித்தார். செனட்டின் ‘சர்க்கஸ் டுடே’ (1926) நகைச்சுவை நடிகர்கள் பில்லி பெவனையும் ஆன்டி கிளைடையும் கூடாரத்துக்குள் விட்டு, இந்த வசதிகளை அள்ளி எடுத்துக்கொண்ட படம். சிங்கம் வரும் காட்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த விலங்குகள் எப்படி அடக்கப்பட்டன, எந்த வெளிச்சத்திலும் இரைச்சலிலும் நிறுத்தப்பட்டன என்று யோசிக்கத் தொடங்கினால், பல காட்சிகளில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. நடிகர்களும் பாதுகாப்பாக இல்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

ஹெரால்ட் லாய்ட் கண்ணாடி அணிந்த இளைஞனாவதற்கு முன், ‘லோன்சம் லூக்’ என்ற பாத்திரத்தில் தயாரிப்பாளர் ஹால் ரோச்சுக்காக ஏராளமான குறும்படங்கள் நடித்தார். 1916-இல் வந்த ‘லோன்சம் லூக், சர்க்கஸ் கிங்’ அவற்றில் ஒன்று. அந்தத் தொடரின் பெரும்பகுதி 1943-இல் லாய்டின் வீட்டுப் படக்கிடங்கில் பற்றிய தீயில் அழிந்துபோனது. அதே ரோச், டோட்டோ என்ற மேடைக் கோமாளியை ஒப்பந்தம் செய்து படங்கள் எடுத்தார். டோட்டோ இடையில் விலகியதால் 1918-இல் அந்த இடத்தை நிரப்ப வந்தவர் ஸ்டான் லாரல். கோமாளி ஒருவர் விட்டுப்போன இடத்தில் வந்து சேர்ந்தவர், பின்னாளில் சர்க்கஸை அடியோடு சரியவைக்கும் படம் ஒன்றில் நடித்தார்.

அது ‘தி சிம்ப்’ (1932). இதற்குள் பேசும் படம் வந்துவிட்டது, ஆனால் மூன்று ரீல் கொண்ட இந்தப் படத்தின் உயிர் மௌனப் படத்தின் உயிர். பீரங்கிக் குண்டைக் கையால் தாங்கும் பலசாலியின் ஆட்டத்துக்கு லாரலும் ஹார்டியும் உதவியாட்கள். வெடிமருந்து அளவுக்கு மீறிப்போகிறது. பீரங்கி வெடித்த வேகத்தில் கூடாரமே சரிகிறது. முதலாளியிடம் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. எனவே சர்க்கஸின் சொத்துகளைப் பணியாளர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறார்கள். லாரலுக்குக் கிடைப்பது வித்தை பழகிய தெள்ளுப்பூச்சிகளின் சர்க்கஸ் அடங்கிய பெட்டி. ஹார்டிக்குக் கிடைப்பது எத்தெல் என்ற சிம்பன்சி. இருவரும் இவற்றைத் தூக்கிக்கொண்டு இரவு தங்க இடம் தேடி அலைகிறார்கள். விடுதிக்காரர் பொறாமை பிடித்தவர். அவர் மனைவியின் பெயரும் எத்தெல். அறைக்குள்ளிருந்து “எத்தெல், படுக்கையை விட்டு எழுந்திரு” என்கிற குரல் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெரும்பாலான சர்க்கஸ் குறும்படங்கள் கூடாரத்தின் குழப்பத்தோடு முடிந்துவிடும். இது அங்கிருந்துதான் தொடங்குகிறது. வளையத்துக்குள் வித்தையாக இருந்த ஒவ்வொன்றும் வாடகை அறைக்குள் வந்ததும் தொல்லையாகிறது. பாவாடை கட்டி ஆடப் பழகிய விலங்கு பாட்டுக் கேட்டால் நடு இரவிலும் ஆடுகிறது. பயிற்சி பெற்ற பூச்சிகள் மெத்தையில் தங்கள் பிழைப்பைப் பார்க்கின்றன. சம்பளத்துக்குப் பதில் முதலாளியின் சுமையை வாங்கிக்கொண்டு தெருவில் நிற்கும் இரண்டு தொழிலாளிகளின் கதை, அமெரிக்கப் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த ஆண்டில் வெளிவந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சிம்பன்சியாக நடித்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்த சார்லஸ் ஜெமோரா. தன் குரங்கு உடைகளைத் தானே உருவாக்கிய கலைஞர். அந்த உடைக்குள்ளிருந்து நாணமும் பிடிவாதமும் வெளிப்படுகின்றன. உண்மை விலங்கை வைத்து எடுத்திருந்தால் இவ்வளவு நேர்த்தி வந்திருக்காது.

விலங்கின் இடத்தில் மனிதன் நிற்பது பஸ்டர் கீட்டனிடம் இன்னும் முன்பே வந்துவிட்டது. 1921-இல் எடுத்த ‘தி பிளே ஹவுஸ்’ படத்தில் அவர் மேடைப் பணியாள். பயிற்சி பெற்ற குரங்கைத் தவறுதலாகத் தப்பவிட்டுவிடுவதால், தானே குரங்காக மேடையேற வேண்டிவருகிறது. இடம் கூடாரமல்ல, பலவகை ஆட்டங்கள் நடக்கும் வெரைட்டி அரங்கம். ஆனால் பெல்லிங்கின் கதை அப்படியே இருக்கிறது: ஆட்டக்காரன் அல்லாதவன் ஆட்டத்துக்குள் சிக்குகிறான். குழந்தைப் பருவத்திலிருந்தே பெற்றோரோடு மேடையில் தூக்கி எறியப்பட்டு வளர்ந்த கீட்டனுக்கு, உடலை எந்த உயிரினமாகவும் மாற்றிக்கொள்ளும் ஆற்றல் இருந்தது. தொழில் சரிந்த காலத்தில் அவர் நடித்த ‘அல்லே ஊப்’ (1934) குறும்படத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவராக வருகிறார். தான் விரும்பும் பெண், பார் விளையாட்டு வீரனிடம் மயங்குவதைக் கண்டு, வீட்டுக் கொல்லையில் பார் கட்டிப் பயிற்சி செய்கிறார். எளிய படம், சிக்கனச் செலவில் எடுத்தது. ஆனால் விழத் தெரியாதவனைப் போல் விழுவதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை அந்தக் கொல்லைக் காட்சிகளைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. 1947-இல் அவர் பாரிஸின் மெத்ரானோ சர்க்கஸ் வளையத்திலேயே இறங்கி ஆடினார்.

சாப்ளினுக்கும் வளையத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1900-இல், பதினோரு வயதுச் சிறுவனாக, லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கின் ‘சின்ட்ரெல்லா’வில் அவர் பூனை வேடம் போட்டார். அதே நிகழ்ச்சியில் மார்செலின் என்ற பெரும் கோமாளி நீர்த்தொட்டியின் கரையில் அமர்ந்து தூண்டில் போடும் காட்சியைப் பார்த்து வியந்தார். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மார்செலினைச் சந்தித்தபோது, பெரிய சர்க்கஸின் கூட்டத்துக்குள் தொலைந்துபோன பல கோமாளிகளில் ஒருவராக அவர் மங்கிக் கிடந்ததைச் சாப்ளின் தன் சுயசரிதையில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1927-இல் மார்செலின் நியூயார்க்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ‘தி சர்க்கஸ்’ அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது.

அது முழுநீளப் படம். கேள்வியோ குறும்படம் பற்றியது. இருந்தாலும் அந்தப் படத்தைத் தவிர்க்க முடியாது, ஏனெனில் அது குறும்படங்களின் தொகுப்பாகவே கட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடி அறைத் துரத்தல், மந்திரவாதியின் மேசையிலிருந்து புறாக்கள் பறத்தல், குதிரைக்கு மாத்திரை ஊதுதல், சிங்கக் கூண்டு, குரங்குகளோடு கயிற்றில் நடத்தல் என்று ஒவ்வொன்றும் தனித்து ஒரு ரீலாக நிற்கும். அவற்றைக் கோத்த நூல் புதியது. காவலரிடமிருந்து தப்பி வளையத்துக்குள் ஓடிவரும் நாடோடியைக் கண்டு, அதுவரை சலித்துக் கிடந்த கூட்டம் எழுந்து ஆரவாரிக்கிறது. முதலாளி அவனைச் சாமான் தூக்கும் ஆளாகவே வைத்துக்கொள்கிறான். அவனால்தான் கூட்டம் வருகிறது என்பதை மறைத்து, கூலியாளின் சம்பளத்தில் நட்சத்திரத்தை ஓட்டுகிறான். சிரிப்பை உண்டாக்குபவனுக்கே அதன் மதிப்பைத் தெரியாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய சுரண்டல் என்பதை, ஒரு பிரசங்கமும் இல்லாமல் இந்த ஏற்பாடு காட்டிவிடுகிறது. உண்மை தெரிந்தபின் அவனால் முன்போல் சிரிப்பூட்ட முடிகிறதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கயிற்றில் நடப்பதைச் சாப்ளின் உண்மையாகவே பழகிக்கொண்டார். சிங்கக் கூண்டுக்குள்ளும் அவரே நின்றார். படப்பிடிப்புக்காகப் போட்ட கூடாரத்தைப் புயல் சேதப்படுத்தியது. எடுத்த காட்சிகளின் ஃபிலிம் பதனிடும் இடத்தில் கீறலுற்றுப் பாழாயிற்று. 1926 செப்டம்பரில் படப்பிடிப்புத் தளம் தீப்பற்றியது. மணவிலக்கு வழக்கால் வேலை மாதக்கணக்கில் நின்றது. இத்தனைக்குப் பின் வெளிவந்த படத்துக்காக முதல் அகாடமி விருது விழாவில் அவருக்குச் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. ஆயினும் தன் சுயசரிதையில் இந்தப் படத்தைப் பற்றி அவர் ஏறத்தாழ எதுவுமே எழுதவில்லை.

குறும்படங்களின் கையில் இல்லாத ஒன்று வளையத்தின் வட்டம். 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி தொடங்கிவைத்த மரபில் வளையத்தின் விட்டம் 42 அடி. அதைச் சுற்றிலும் மக்கள் இருப்பார்கள். கேமராவோ ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்கும். ஆனால் இழப்புக்கு ஈடாக அது வேறொன்றைப் பெற்றது: சட்டகத்துக்குள்ளேயே ஒரு கூட்டத்தை வைக்க முடிந்தது. ஒலியில்லாத படத்தில் சிரிப்பு கேட்காது. திரையில் சிரிக்கும் முகங்களைக் காட்டலாம், சிரிக்காத முகங்களையும் காட்டலாம். ஒரே தடுமாற்றம் முதலாளிக்கு நஷ்டமாகவும் கூட்டத்துக்குக் கொண்டாட்டமாகவும் தெரிவதை இரண்டு காட்சித் துண்டுகளை அடுத்தடுத்து வைத்துச் சொல்லிவிடலாம். மற்ற இடங்களில் நடக்கும் ஸ்லாப்ஸ்டிக் படங்களுக்குக் கிடைக்காத இந்த வசதிதான் சர்க்கஸ் படங்களைத் தனியே நிறுத்துகிறது.

பார்க்க விரும்புவோருக்குச் சில சொற்கள். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அழிந்துவிட்டதாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அந்தக் கணக்கில் குறும்படங்கள் சேரவில்லை. எஞ்சியவற்றில் பல, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக 1920-களில் விற்கப்பட்ட 9.5 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் பிரதிகளால் பிழைத்தவை. அவை வெட்டிச் சுருக்கப்பட்டவையாக இருக்கலாம். ஓட்டத்தின் வேகத்தையும் கவனியுங்கள். நகைச்சுவைக் காட்சிகளைக் கேமராவின் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தார்கள், திரையில் சற்று வேகமாகத் தெரிவதற்காக. அதற்கு மேலும் வேகப்படுத்தி, கொட்டு முழக்கம் சேர்த்து வெளியிடப்பட்ட பிரதிகளில் உடலின் நேரக்கணக்கு அழிந்துபோகும். முதலில் லூமியேரின் ஃபூட்டிட், ஷோகோலா துண்டுகளைப் பாருங்கள். பிறகு பொலிதோரின் ஏதேனும் ஒரு படம், ‘தி பிளே ஹவுஸ்’, ‘தி சிம்ப்’ என்று வந்து, ‘தி சர்க்கஸ்’ படத்தின் தேர்வுக் காட்சியில் ஆப்பிளைச் சந்தியுங்கள்.